ப்ளக் பாயின்ட்டுக்கு லோடு கொடுத்துப் பார்த்தபோது

அக்கா வீட்டார் ஒரு பழைய வீட்டை விலை பேசி வைத்திருந்தார்கள். சுவர் விரிசல், ஈரம், குழாய் எல்லாவற்றையும் பார்க்க ஆள் ஏற்பாடாகியிருந்தது. ப்ளக் பாயின்ட்டுகளைப் பார்க்கும் வேலை மட்டும் என் தலையில் விழுந்தது. அத்தான் ஏற்கெனவே ஒரு சுற்று பார்த்திருந்தார். “எல்லாத்துலயும் போன் சார்ஜர் போட்டுப் பார்த்தாச்சு மாப்ளே, ஏறுது” என்றார். 20 வாட் சார்ஜர் இழுப்பது ஒரு ஆம்பியரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதற்கு எர்த் (கசியும் கரன்ட்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் பாதுகாப்பு வயர்) வேண்டாம். கரன்ட்டைக் கொண்டுவரும் ஃபேஸும் அதைத் திருப்பிக் கொண்டுபோகும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஒரே ஒரு செம்புக் கம்பி இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயரில்கூட அது சார்ஜ் ஏற்றிவிடும். ஆகவே முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

நான் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் இல்லை. சர்க்யூட் போர்டு ரிப்பேர்தான் என் தொழில். சாக்கெட்டுக்கு வெளியே நின்று அளப்பது என் வேலை, பெட்டியைத் திறப்பது எலக்ட்ரீஷியன் வேலை என்று பேசிக்கொண்டுதான் இறங்கினேன். வீட்டு உரிமையாளரும் அதற்கு ஒத்துக்கொண்டார்.

எடுத்துப்போன சாமான்கள்: மூன்று விளக்குள்ள சாக்கெட் டெஸ்டர் (கரன்ட் எர்த்துக்குக் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஆர்சிசிபியைச் சோதிக்கும் பட்டனோடு), வீட்டு வயரிங்கில் வைத்து அளக்கத் தகுந்த பாதுகாப்புத் தரமுள்ள (கேட் 3, 600 வோல்ட்) மல்டிமீட்டர், தொடாமலே கரன்ட் இருப்பதைக் காட்டும் பேனா டெஸ்டர், வயரைக் கவ்விக் கரன்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர், டார்ச், 1200 வாட் கெட்டில் ஒன்று. கெட்டில்தான் லோடு, அதாவது பாயின்ட்டிலிருந்து கனமாகக் கரன்ட் இழுக்கும் சாமான். இஸ்திரிப் பெட்டி இதற்கு உதவாது, பாதியில் தெர்மோஸ்டாட் அணைத்துவிடும். கெட்டிலில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றினால் ஆறேழு நிமிடம் ஒரே சீராக 5 ஆம்பியர் இழுக்கும். 1500 வாட் கெட்டிலாக இருந்தால் 6 ஆம்பியர் சாக்கெட்டின் வரம்பையே தாண்டிவிடும் என்பதால் சிறியதாகத் தேடி எடுத்தேன்.

இவற்றோடு, வீட்டிலேயே ஒரு சோதனைப் பெட்டி செய்து எடுத்துப்போனேன். இப்போதைய சாக்கெட்டுகளில் ஷட்டர் இருக்கிறது. எர்த் பின் உள்ளே போனால்தான் மற்ற இரண்டு ஓட்டைகளும் திறக்கும். எர்த் ஓட்டையில் ஸ்க்ரூடிரைவரைச் சொருகி ஷட்டரைத் திறந்து, மறுகையால் மீட்டர் முனையைக் குத்தும் வழக்கம் ஒன்று உண்டு. பார்க்கும்போதே வயிற்றைக் கலக்கும். அதற்குப் பதிலாக, நல்ல மூன்று பின் ப்ளக் ஒன்று, 1.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் வயர் அரை மீட்டர், மறுமுனையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. பெட்டியில் கெட்டிலுக்கு ஒரு சாக்கெட்டும், ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் மீட்டர் வயரைச் செருக, விரல் நுழையாதபடி மூடிய பனானா சாக்கெட்டுகளும் இருக்கும். கெட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்று அளவுகளையும் எடுத்துவிடலாம். அரை மீட்டர் வயரில் 5 ஆம்பியருக்கு விழும் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் குறைவு, கணக்கைக் கெடுக்காது. செலவு என்று பார்த்தால், கொண்டுபோனவற்றில் விலை குறைந்தது இதுதான். அன்றைக்கு அதிகம் உழைத்ததும் இதுதான்.

முதல் வேலை படம் வரைவது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு கட்டம், ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் ஒரு எண். அப்புறம் வீடு முழுவதற்கும் கரன்ட் பிரியும் டிபி பாக்ஸில், கரன்ட் அளவு மீறினால் தானாக அணையும் எம்சிபி சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கி, எந்தெந்த எண் செத்துப்போகிறது என்று பேனா டெஸ்டரால் பார்த்துக் குறித்தேன். சலிப்பான வேலைதான். ஆனால் கூடத்தில் ஒரு பாயின்ட் எல்லா எம்சிபியையும் இறக்கிய பிறகும் உயிரோடு இருந்தது இதில்தான் தெரிந்தது. அது இன்வெர்ட்டர் லைனில் இருந்து வருகிறது, டிபி பாக்ஸில் அதற்கு ஒரு அடையாளமும் இல்லை. மெயினை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் யாராவது அந்தப் பெட்டியைத் திறந்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிவப்பு மையில் எழுதிய முதல் குறிப்பு அது.

அடுத்து கண்ணும் மூக்கும். சாக்கெட் தட்டுகளில் பழுப்புக் கறை, விரிசல், ஆட்டம், கருகிய நெடி. ப்ளக்கைச் செருகினால் இறுக்கிப் பிடிக்கிறதா, தானாக நழுவுகிறதா என்று பார்த்தேன். மூன்று பாயின்ட்டுகளில் பிடிப்பு தளர்ந்திருந்தது. உள்ளே இருக்கும் பித்தளைப் பட்டை தளர்ந்தால் சாக்கெட்டையே மாற்றுவதுதான் வழி, நெருக்கிவிட்டு ஓட்டுவது நீடிக்காது.

மூன்று விளக்கு டெஸ்டரோடு சுற்றிய சுற்று சீக்கிரம் முடிந்துவிட்டது. பெரும்பாலானவை சரி. ஒரு படுக்கையறையில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தன. முன்பக்கம் எர்த் மேலே இருக்கும்படி பார்த்தால் வலது ஓட்டை ஃபேஸ், இடது ஓட்டை நியூட்ரல், அங்கே தலைகீழ். தலைகீழாக இருந்தால் சாமான் ஓடும், அதில் குறையில்லை. ஆனால் சாமானுக்குள் இருக்கும் சுவிட்ச் நியூட்ரலை மட்டும் துண்டிக்கும். அணைத்துவிட்டோம் என்று நினைத்திருக்கும்போதும் உள்ளே ஃபேஸ் நின்றுகொண்டிருக்கும். பின்னறையில் எர்த் விளக்கு மங்கலாக மினுக்கியது. முன்னறையில் எல்லாம் சரி என்று காட்டியது. அந்த முன்னறைக் கதை பிறகு.

மல்டிமீட்டரை எடுக்கும் முன் சிவப்பு வயர் வோல்ட் துளையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது என் பழக்கம். ஆம்பியர் துளையில் இருந்தபடி சாக்கெட்டில் வைத்தால் அது அளவெடுப்பு இல்லை, நேரடி ஷார்ட் சர்க்யூட். கரன்ட் இல்லை என்று முடிவு கட்டும் இடங்களில் இன்னொரு வழக்கமும் வேண்டும். முதலில் கரன்ட் இருப்பது உறுதியான இடத்தில் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு சந்தேக இடத்தில், மறுபடி உறுதியான இடத்தில். நடுவில் மீட்டர் செத்திருந்தால் இதில் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு பாயின்ட்டிலும் மூன்று எண்கள். ஃபேஸ்–நியூட்ரல் 230 வோல்ட்டை ஒட்டி, ஃபேஸ்–எர்த் ஏறத்தாழ அதே, நியூட்ரல்–எர்த் ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள். 120 வோல்ட் ஓடும் நாடுகளில் முதல் இரண்டு எண்களும் பாதியாக இருக்கும், முறை ஒன்றுதான்.

பின்னறையில் எண்கள் விநோதமாக வந்தன. ஃபேஸ்–நியூட்ரல் 231, ஃபேஸ்–எர்த் 94, நியூட்ரல்–எர்த் 61, அதுவும் நின்ற இடத்தில் நிற்காமல். பாதி எர்த் என்று ஒன்று கிடையாது. எங்கோ அறுந்துபோன எர்த் வயர், கூடவே ஓடும் ஃபேஸ் வயரிடமிருந்து கொஞ்சம் மின்னழுத்தத்தை வாங்கிக்கொண்டு மீட்டருக்குப் பொய் சொல்கிறது. மல்டிமீட்டரின் உள்மின்தடை மெகா ஓம் கணக்கில் இருப்பதால் அந்தப் பொய் அப்படியே திரையில் வரும். என் மீட்டரில் குறைந்த மின்தடை நிலை ஒன்று உண்டு. அந்த லைனில் இருந்த மற்ற சாமான்களைக் கழற்றிவிட்டு, அந்த நிலையில் ஃபேஸ்–எர்த் பார்த்தேன். 94 வோல்ட் 3 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. எர்த் நன்றாக இருந்திருந்தால் எண் 230இல் நின்றிருக்கும், அல்லது மீட்டர் வழியே எர்த்துக்குப் போகும் கரன்ட்டில் ஆர்சிசிபி விழுந்திருக்கும், அதாவது தானாக அணைந்திருக்கும். இரண்டும் நடக்கவில்லை. எர்த் இல்லை என்று எழுதிக்கொண்டேன்.

இனி கெட்டில். இதற்காகத்தான் வந்தேன் என்றே சொல்லலாம்.

முறை எளிது. லோடு இல்லாமல் மூன்று எண்கள், கெட்டிலைப் போட்டு மூன்று எண்கள், அணைத்துவிட்டு மறுபடி முதல் எண். கடைசியாகச் சொன்னதை விடக் கூடாது. வெளியிலிருந்து வரும் சப்ளையே நடுவில் இரண்டு வோல்ட் ஏறி இறங்கினால், அதை வயரிங் குற்றம் என்று தவறாக எடுத்துக்கொள்வோம். வீட்டு வயரிங்கில் மொத்தமாக விழும் மின்னழுத்தம் விளக்குகளுக்கு 3 சதவீதம், மற்றவற்றுக்கு 5 சதவீதம் என்பது சர்வதேசப் பரிந்துரை. 231இல் 5 சதவீதம் என்றால் பதினொன்றரை வோல்ட்.

நல்ல பாயின்ட்டுகளில் கெட்டில் ஓடும்போது 231 என்பது 227 ஆனது. நியூட்ரல்–எர்த் 2 வோல்ட். கணக்கு அழகாகப் பொருந்துகிறது. விழுந்தது மொத்தம் 4 வோல்ட், அதில் பாதி ஃபேஸ் வயரில், பாதி நியூட்ரல் வயரில். எர்த் வயரில் கரன்ட் ஓடாததால் அதில் எதுவும் விழாது. ஆகவே லோடு இருக்கும்போது வரும் நியூட்ரல்–எர்த் எண், நியூட்ரல் வயர் மட்டும் எவ்வளவு தின்கிறது என்பதைத் தனியாகப் பிரித்துக் காட்டிவிடுகிறது.

சமையலறையை அடுத்த சாப்பாட்டு அறையில் 7ஆம் எண் பாயின்ட். அத்தானின் சார்ஜர் அங்கே நன்றாகவே ஏறியிருந்தது. மூன்று விளக்கும் சரி என்றது. லோடு இல்லாமல் 231. கெட்டிலைப் போட்டதும் 219. நியூட்ரல்–எர்த் 10 வோல்ட். அதே லைனில் முந்தைய பாயின்ட்டான 6ஆம் எண்ணில், 7இல் கெட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரை வைத்தால் 227, நியூட்ரல்–எர்த் 2. அதாவது 6 வரைக்கும் வயரிங் சுத்தம். 6க்கும் 7க்கும் நடுவில் நியூட்ரலில் மட்டும் 8 வோல்ட் காணாமல் போகிறது. 8 வோல்ட், 5 ஆம்பியர்: 40 வாட். சுவருக்குள் ஏதோ ஒரு ஸ்க்ரூவின் அடியில் ஒரு சால்டரிங் அயர்ன் எரிகிற சூடு. எம்சிபி இதற்கு விழாது, ஏனென்றால் கரன்ட் கூடவில்லை. ஆர்சிசிபியும் விழாது, கசிவு இல்லை. உடனே கெட்டிலை அணைத்தேன்.

உரிமையாளர் தனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனை வரவழைத்தார். எம்சிபியை இறக்கி, கரன்ட் இல்லை என்று உறுதி செய்து, முதலில் 7ஐத் திறந்தோம். எல்லாமே ஒழுங்காக இருந்தது. ஸ்க்ரூ இறுக்கம், வயர் பளபளப்பு. அவர் சந்தேகத்துக்குச் சாக்கெட்டை மாற்றியும் பார்த்தார். மறுபடி கெட்டில், மறுபடி 219. மின்னழுத்தம் குறைகிற இடத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்றில்லை. அதற்கு வயர் கிளம்புகிற இடத்திலும் இருக்கலாம். அப்புறம்தான் 6ஐத் திறந்தோம்.

அங்கே ஒரே நியூட்ரல் டெர்மினலில் இரண்டு வயர்களைத் திணித்திருந்தார்கள். உள்ளே வரும் வயரை ஸ்க்ரூ நன்றாக அழுத்தியிருந்தது, அதனால்தான் 6ஆம் பாயின்ட் நல்ல எண்ணைக் காட்டியது. 7க்குப் போகும் வயரின் மேல் ஸ்க்ரூவின் ஓரம் மட்டும் பட்டுக்கொண்டிருந்தது, அதுவும் பாதி இன்சுலேஷன் மேல். ஸ்க்ரூவை ஒட்டிய கறுப்பு இன்சுலேஷன் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு மினுமினுப்பு போய், நகம் பட்டாலே செதில் செதிலாக உதிர்ந்தது. உள்ளே செம்பு, செம்பின் நிறத்திலேயே இல்லை. மங்கிய சாம்பல் கறுப்பு. டெர்மினலைச் சுற்றிய பிளாஸ்டிக்கில் ஒரு பழுப்பு வளையம். முன்பக்கத் தட்டில் இதற்கு ஒரு அறிகுறியும் கிடையாது.

எலக்ட்ரீஷியன் பளபளக்கும் செம்பு வரும் வரை வயரை நான்கு சென்டிமீட்டர் வெட்டி எறிந்தார். இரண்டு நியூட்ரலையும் தனியாக ஒரு கனெக்டரில் சேர்த்து, அங்கிருந்து சாக்கெட்டுக்கு ஒரு வயர் எடுத்தார். ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்த பிறகே மூடினார். மறுபடி அளந்தால் 7இல் 226.6, நியூட்ரல்–எர்த் 2.2.

இப்போது முன்னறை. டெஸ்டரின் மூன்று விளக்கும் சரி என்ற அதே பாயின்ட். மீட்டரில் ஃபேஸ்–நியூட்ரல் 230, ஃபேஸ்–எர்த் 230, நியூட்ரல்–எர்த் 0.0. கெட்டிலைப் போட்டேன். ஃபேஸ்–நியூட்ரல் 226க்கு இறங்கியது. நியூட்ரல்–எர்த் அப்போதும் 0.0. பார்க்க இதைவிட நல்ல எண் இருக்க முடியாது, அதுவேதான் உறுத்தியது. 5 ஆம்பியர் ஓடும் நியூட்ரல் வயரில் கொஞ்சமாவது விழுந்தே ஆக வேண்டும். சுழியம் என்றால், நியூட்ரலும் எர்த்தும் அந்தச் சாக்கெட் பெட்டிக்குள்ளேயே ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன.

கெட்டிலை அணைத்துக் கழற்றிவிட்டு, பேனா டெஸ்டரைச் சாக்கெட்டின் எர்த் ஓட்டைப் பக்கம் கொண்டுபோனேன். கத்தியது. ஃபேஸ் ஓட்டை என்று இருக்க வேண்டிய இடத்தில் மௌனம். டிபி பாக்ஸின் எர்த் பட்டையிலிருந்து ஒரு நீள வயரை இழுத்து வந்து, அதற்கும் இந்தச் சாக்கெட்டின் எர்த்துக்கும் நடுவில் மீட்டரை வைத்தால் 229 வோல்ட்.

அந்த அறைக்கு ஆரம்பத்தில் இரண்டு வயர்தான் போயிருக்கிறது, எர்த் இல்லை. யாரோ ஒருவர் மூன்று பின் சாக்கெட் வைக்கும்போது நியூட்ரல் டெர்மினலிலிருந்து எர்த்துக்கு ஒரு சின்ன வயரைக் கட்டிவிட்டிருக்கிறார். இரண்டு வயரும் ஒரே நிறம் என்பதால், ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. விளைவு, எர்த் பின்னிலேயே முழு ஃபேஸ். மூன்று விளக்கு டெஸ்டர் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அது ஒப்பிட்டுப் பார்ப்பது அந்தச் சாக்கெட்டின் மூன்று ஓட்டைகளை மட்டும், வெளியே உள்ள உண்மையான எர்த்தை இல்லை. உலோக உடம்புள்ள எந்தச் சாமானை அங்கே மூன்று பின்னோடு செருகியிருந்தாலும் அதன் உடம்பு முழுக்கக் கரன்ட். என் கெட்டில் பிளாஸ்டிக் என்பதால் தப்பித்தேன். அறையில் நின்ற இரும்பு மேசை விசிறிக்கு இரண்டு பின் ப்ளக்தான் இருந்தது, அதனால் இதுவரை யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை போலிருக்கிறது. அந்த எம்சிபியை இறக்கி, மேலே டேப் ஒட்டி, ‘ஏற்றாதே’ என்று எழுதிவிட்டுத்தான் மேற்கொண்டு நகர்ந்தேன்.

ஆர்சிசிபி சோதனையைக் கடைசிக்கு வைத்தேன், விழுந்தால் வீடு முழுக்க இருட்டாகும் என்பதால். 30 மில்லி ஆம்பியர் வகை. அதன் மேலே உள்ள டெஸ்ட் பட்டனை அமுக்கியதும் விழுந்தது. அந்தப் பட்டன் அதன் உள் இயக்கத்தை மட்டுமே சோதிக்கும். வீட்டில் எர்த் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. சாக்கெட் டெஸ்டரில் உள்ள பட்டன் ஃபேஸிலிருந்து எர்த்துக்கு அந்த அளவு கரன்ட்டை விட்டுப் பார்ப்பது. எர்த் உள்ள பாயின்ட்டுகளில் எல்லாம் ஆர்சிசிபி விழுந்தது. பின்னறையிலும் முன்னறையிலும் இந்தப் பட்டனை அமுக்கவே இல்லை. அறுந்த எர்த் வயரில் ஃபேஸை ஏற்றினால், அதே வயரில் தொங்கும் மற்ற சாமான்களின் உடம்புக்கும் அது போய்ச் சேரும்.

துணி துவைக்கும் இடத்தில், வெளிச்சுவரில் உள்ள பாயின்ட்டில் எர்த் அருமையாக இருந்தது, பட்டனை அமுக்கினால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. அந்த லைனை ஆர்சிசிபிக்கு முன்னாலிருந்தே எடுத்திருந்தார்கள். ஈரமும் வெறுங்காலுமாக நிற்கும் இடம். வீட்டிலேயே பாதுகாப்பு முதலில் வேண்டிய பாயின்ட் அதுதான்.

கிளாம்ப் மீட்டருக்கு ஒரே ஒரு வேலை. எலக்ட்ரீஷியன் டிபி பாக்ஸைத் திறந்திருந்தபோது, எர்த் உள்ள ஒவ்வொரு லைனிலும் கெட்டிலை ஓடவிட்டு, அந்த லைனின் எர்த் வயரைக் கவ்விப் பார்த்தார். எங்கும் 5 ஆம்பியர் வரவில்லை. வந்திருந்தால் நியூட்ரலும் எர்த்தும் ஏதோ பெட்டியில் இடம் மாறியிருக்கின்றன என்று அர்த்தம் (ஆர்சிசிபிக்குள் வரும் லைன் என்றால் கெட்டிலைப் போட்டதுமே ஆர்சிசிபி விழுந்திருக்கும்). அதையும் மூன்று விளக்கு டெஸ்டர் சரி என்றே காட்டும்.

இன்சுலேஷன் சோதனையை நான் தொடவில்லை. 500 வோல்ட் டிசி கொடுத்து மின்தடையை அளக்கும் மெக்கர் கருவி வேண்டும், எல்லாச் சாமான்களையும் கழற்ற வேண்டும், மதிப்பு 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. எர்த் குழியின் மின்தடையை அளப்பதும் அப்படித்தான், தனிக் கருவியோடு வருகிறவர் செய்ய வேண்டியது. இரண்டையும் விலை பேசி முடிக்கும் முன் செய்து தரச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். கூடவே முன்னறைக்கும் பின்னறைக்கும் எர்த் வயர், வெளிப் பாயின்ட்டை ஆர்சிசிபிக்குள் கொண்டுவருவது, இன்வெர்ட்டர் லைனுக்குப் பெயர்ச் சீட்டு, இடம் மாறிய படுக்கையறைப் பாயின்ட், பிடிப்பு தளர்ந்த மூன்று சாக்கெட்டுகள். அத்தான் பட்டியலை இரண்டு முறை படித்துவிட்டு உரிமையாளரோடு பேசப் போனார்.

அடுத்த வீட்டில் சிலவற்றை மாற்றிச் செய்வேன். ஒவ்வொரு லைனிலும் கடைசிப் பாயின்ட்டில் முதலில் லோடு கொடுத்தால், அது நன்றாக இருக்கும்பட்சத்தில் வழியில் உள்ள வயரிங்கும் நன்றாகத்தான் இருக்கும். பாதி நேரம் மிச்சம். டிபி பாக்ஸிலிருந்து எட்டும்படி 20 மீட்டர் ஒற்றை வயரை முனையில் கிளிப்போடு தயாராக வைத்துக்கொண்டு, எல்லாப் பாயின்ட்டின் எர்த்தையும் அதோடு ஒப்பிடுவேன், டெஸ்டர் என்ன சொன்னாலும் சரி. லோடு பத்து நிமிடம் ஓடிய பிறகு தட்டின் சூட்டைப் பார்க்க ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. கெட்டிலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, 1000 வாட்டில் ஓடும் ஃபேன் ஹீட்டரை எடுத்துப்போவேன். சில பாயின்ட்டுகளுக்கு ஒரு முறை கொதித்த தண்ணீரைக் கொட்டிப் பச்சைத் தண்ணீர் பிடிக்க ஓடுவதும், மீட்டர் ஒரு கையில், சுடுதண்ணீர் மறு கையில் என்று அறை அறையாக நடப்பதும் கரன்ட் வேலைக்கு ஒத்துவராது.